இல்லாத விளக்குகள்: வடசென்னை இரவுப் படங்களில் பேய்ப் பிம்பம் வருவது எப்படி

காசிமேட்டில் மீன் ஏலம் சூடு பிடிப்பதற்கு முன்னால் கொஞ்ச நேரம் அமைதியாக இருக்கும். விசைப்படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நிற்கும். ஐஸ் உடைக்கும் சத்தம் மட்டும் கேட்கும். இரவில் படமெடுக்க வடசென்னையில் இதைவிட நல்ல நேரம் எனக்குத் தெரியாது. எங்கள் தெருவில் புதிதாகக் கேமரா வாங்கிய தம்பி ஒருவன் அந்த நேரத்தில் போய் எடுத்த படத்தோடு வந்தான். படத்தின் கீழ்ப்பாதியில் வரிசையாக ஆறு ஃபோகஸ் லைட். மேலே கறுத்த வானத்தில் அதே ஆறு விளக்கும் மங்கலாக மிதந்தன.

"இன்னாண்ணா இது? லென்ஸு பூட்ச்சா?"

"லென்ஸுக்கு ஒண்ணும் ஆவலப்பா. அந்த மஞ்ச லைட்ட பாரு" என்றேன்.

கீழே இருந்த ஆறில் இடமிருந்து இரண்டாவது மட்டும் மஞ்சள். வானத்தில் இருந்த ஆறில் வலமிருந்து இரண்டாவது மஞ்சள். இடம் வலமாகவும் மேல் கீழாகவும் முழுக்கத் திரும்பியிருந்தது. படத்தின் நடுப்புள்ளியில் ஒரு ஊசியைக் குத்தி, படத்தை அரைச்சுற்று சுற்றினால் அசல் வரிசை அப்படியே பேய் வரிசையின் மேல் போய் உட்காரும். இந்த ஒரு அடையாளம் போதும். குற்றவாளி லென்ஸின் முன்னால் மாட்டியிருக்கும் கண்ணாடி ஃபில்டர். அதைக் கழற்றிவிட்டு மறுநாள் அதே இடத்தில் எடுத்தான். வானம் சுத்தமாக வந்தது. அதற்குள் அவன் லென்ஸை விற்க ஆள் பார்த்துவிட்டிருந்தான் என்பதுதான் எனக்கு வருத்தம். தேவையில்லாத வெளிச்சத்துக்குப் பல காரணங்கள் உண்டு. ஒவ்வொன்றும் படத்தில் தனித்தனி அடையாளத்தை விட்டுவிட்டுப் போகிறது. அதைப் படிக்கத் தெரிந்தால் காசு செலவழிக்காமலேயே பாதிப் பிரச்சினை தீரும்.

முதலில் இந்த ஃபில்டர் விஷயத்தை முழுக்கப் பார்ப்போம், ஏனென்றால் இரவுப் படங்களில் மிக அதிகமாகத் தொல்லை தருவது இதுதான். சாதாரணக் கண்ணாடியின் ஒரு பரப்பில் விழும் ஒளியில் ஏறக்குறைய 4 சதவீதம் உள்ளே போகாமல் திரும்பிவிடும். ஃபில்டருக்கு முன்னும் பின்னும் இரண்டு பரப்பு, ஆக 8 சதவீதம். பகலில் இது ஒரு பொருட்டே இல்லை. இரவில் நடப்பது வேறு. விளக்கின் ஒளி லென்ஸ் வழியாகப் போய், படத்தைப் பதிவு செய்யும் சென்சாரில் குவிகிறது. சென்சார் வழவழப்பானது, அதன் மேல் தட்டையான கண்ணாடித் தகடு ஒன்றும் இருக்கிறது. பழைய ஃபிலிமைவிட இது ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும். திரும்பிய ஒளி வந்த வழியே லென்ஸைக் கடந்து வெளியே போகப் பார்க்கும்போது எதிரே ஃபில்டர் நிற்கிறது. அதில் ஒரு பங்கு மறுபடி உள்ளே திரும்பி, சென்சாரில் இரண்டாம் முறையாகக் குவிகிறது.

அது ஏன் சரியாக எதிர்ப்பக்கத்தில் விழுகிறது? கேரம் ஆடியவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். ஸ்ட்ரைக்கர் எந்தச் சாய்வில் கட்டையில் மோதுகிறதோ அதே சாய்வில் மறுபக்கம் போகும். கட்டை நேராக இருப்பதால்தான் அடி கணக்காக விழுகிறது. ஃபில்டர் தட்டையானது, அதுவும் அந்தக் கட்டையைப் போலவே வேலை செய்கிறது. இடப்பக்கச் சாய்வில் வெளியே போன ஒளிக்கற்றை வலப்பக்கச் சாய்வில் உள்ளே திரும்பி, கலையாமல் ஒரே புள்ளியில் குவிகிறது. அதனால்தான் இந்தப் பேய் தெளிவாக இருக்கிறது. எல்.இ.டி. தெருவிளக்காக இருந்தால் அதனுள் இருக்கும் சின்னச் சின்னப் புள்ளிகளைக்கூடப் பேயில் எண்ணிவிடலாம். லென்ஸின் முன் கண்ணாடியும் ஒளியைத் திருப்பத்தான் செய்கிறது, ஆனால் அது வளைந்திருப்பதால் திரும்பும் ஒளி விசிறிபோல் விரிந்து, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மங்கிப்போகிறது.

சந்தேகம் இருந்தால் அங்கேயே சோதிக்கலாம். திரையைப் பார்த்துக்கொண்டே கேமராவை மெல்ல மேலே தூக்குங்கள். விளக்கு திரையில் கீழே இறங்கும். பேய் மேலே ஏறும். விளக்கைப் படச் சட்டத்தின் நடுவுக்குக் கொண்டுவந்தால் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு பேய் மறைந்துவிடும். இப்படி நடந்தால் ஃபில்டரைக் கழற்றி இன்னொரு படம் எடுங்கள். பேய் போய்விட்டால் கேஸ் முடிந்தது.

பகலிலும் இதே பேய் இருக்கிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. அது எதையும் மறைப்பதில்லை, இருக்கும் வெளிச்சத்தின் மேல் கொஞ்சம் வெளிச்சத்தைச் சேர்க்கிறது, அவ்வளவுதான். வெயிலில் நிற்கும் வெள்ளைச் சுவரின் மேல் அந்தக் கொஞ்சம் தெரியாது. இருண்ட கடலின் மேல் விழுந்தால் தெரியும். கணக்கும் சின்னதுதான்: பூச்சு இல்லாத இரண்டு கண்ணாடிப் பரப்புகளில் பட்டுத் திரும்பும் ஒளி 4 சதவீதத்தில் 4 சதவீதம், அதாவது 625-ல் ஒரு பங்கு. ஒரு ஃபோகஸ் லைட் பக்கத்து இருட்டைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பிரகாசமாக இருந்தால், அந்த 625-ல் ஒரு பங்கே இருட்டை ஜெயித்துவிடும். எக்ஸ்போஷரை, அதாவது சென்சாரில் ஒளி விழும் நேரத்தை, நீட்டினாலும் இந்த விகிதம் மாறாது. விளக்கு ஏற்கெனவே முழு வெள்ளை, அதற்கு மேல் வெளுக்க இடமில்லை; பேய்க்கு இன்னும் நிறைய இடம் இருக்கிறது. அதனால் 2 நொடியில் கண்ணுக்குப் படாத பேய் 30 நொடியில் பளிச்சென்று நிற்கும். பிறகு கம்ப்யூட்டரில் இருண்ட பகுதிகளைப் பிரகாசமாக்கினால் இன்னும் நன்றாகத் தெரியும்.

கண்ணாடி திருப்பும் ஒளியைக் குறைக்க வழி உண்டு என்பது ரொம்பப் பழைய சேதி. 1886-ல் ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபு, நாள்பட்டு மேற்பரப்பு மாறிய கண்ணாடி புதுக் கண்ணாடியைவிட அதிக ஒளியை விடுவதைக் கவனித்தார். 1935-ல் லென்ஸ் தயாரிக்கும் ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மகுலா வெற்றிடத்தில் மெல்லிய படலம் பூசும் முறையைக் கொண்டுவந்தார். மெக்னீசியம் ஃபுளோரைடு என்ற பொருளை ஏறக்குறைய 100 நானோமீட்டர் தடிமனில் பூசினால், படலத்தின் மேற்புறமும் அடிப்புறமும் திருப்பும் அலைகள் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு குறைந்துபோகும். இன்று பல அடுக்குப் பூச்சுள்ள நல்ல பரப்பு அரை சதவீதத்துக்கும் குறைவாகத்தான் ஒளியைத் திருப்பும். பூச்சு நன்றாக இருக்கிறதா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். கடையில் டியூப் லைட்டுக்குக் கீழே ஃபில்டரைச் சாய்த்துப் பிடியுங்கள். அதில் தெரியும் டியூப் லைட் வெள்ளை வெளேரென்று இருந்தால் பூச்சே இல்லை. கரும்பச்சையாகவோ ஊதாவாகவோ மங்கித் தெரிந்தால் பூச்சு இருக்கிறது. லென்ஸுக்குப் பாதுகாப்பு என்று சொல்லிக் கேமராவோடு கையில் திணிக்கப்படும் மலிவு ஃபில்டர்கள் பலவும் முதல் வகை. எனக்கும் ஒரு கடையில் அப்படித்தான் கொடுத்தார்கள். இரண்டு வருடம் அது என் லென்ஸின் முகத்திலேயே இருந்தது. அந்தக் காலத்தில் திருவொற்றியூர் மாசித் திருவிழாவில் எடுத்த படங்களில் கோபுரத்தின் சீரியல் செட் எல்லாம் வானத்தில் இன்னொரு முறை தொங்குகிறது. அந்த இரவுகளை மறுபடி எடுக்க முடியாது.

ஃபில்டரைக் கழற்றிய பிறகும் ஏதாவது மிச்சம் இருந்தால் அது லென்ஸுக்குள்ளேயே நடப்பது. அதன் முகம் வேறு. விளக்கிலிருந்து படத்தின் நடுவை நோக்கி ஒரு கோடு இழுத்தால், அந்தக் கோட்டின் மேல் வட்டமாகவோ அறுகோணமாகவோ நிறத் திட்டுகள் வரிசை கட்டி நிற்கும். அறுகோணம் என்றால் அது அபர்ச்சர் இதழ்களின் நிழல்; லென்ஸுக்குள் ஒளி போகும் துளைதான் அபர்ச்சர். இதைச் சோதிப்பதும் எளிது. துளையைச் சுருக்கி, எஃப்/4-லிருந்து எஃப்/11-க்குப் போய் இன்னொரு படம் எடுங்கள். திட்டு சிறுத்து, முனைகள் கூர்மையானால் அது லென்ஸுக்குள் பிறந்தது. ஃபில்டர் பேய் அபர்ச்சரை மாற்றினாலும் விளக்கின் வடிவத்திலேயே இருக்கும். லென்ஸில் காற்றைத் தொடும் கண்ணாடிப் பரப்பு பத்து இருந்தால், ஒளி இரண்டு பரப்புகளுக்கு இடையே பட்டுத் திரும்ப 45 வழிகள் உண்டு. இருபது பரப்பானால் 190. கண்ணாடிகள் நிறைய அடுக்கிய ஜூம் லென்ஸ், பழைய சின்ன 50 எம்.எம். லென்ஸைவிட இரவில் அதிகமாகச் சிரமப்படுத்துவதற்கு இது ஒரு காரணம். இங்கே கழற்றிப்போட எதுவும் இல்லை. இரண்டடி நகர்ந்து விளக்கைக் கம்பத்தின் பின்னால் ஒளிக்கலாம், அல்லது கேமராவின் சாய்வை மாற்றித் திட்டை வெளிச்சமான இடத்தின் மேல் விழவைக்கலாம்.

மிரர்லெஸ் கேமராவில் அபர்ச்சரை ரொம்பச் சுருக்கும்போது விளக்கைச் சுற்றிச் சிவப்புப் புள்ளிகள் வலைபோல் விரிவதைப் பார்த்திருப்பீர்கள். சென்சாரின் நுண்ணிய லென்ஸ் குமிழ்களுக்கும் லென்ஸின் பின் கண்ணாடிக்கும் நடுவில் ஒளி துள்ளுவதால் வருவது அது. அபர்ச்சரைக் கொஞ்சம் திறந்தால் அடங்கிவிடும்.

நட்சத்திரக் கதிர்களை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. விளக்கிலிருந்து நாலாபுறமும் கிளம்பும் கூர்க்கதிர்கள் அபர்ச்சர் இதழ்களின் விளிம்பில் ஒளி வளைவதால் வருபவை. ஆறு இதழ் என்றால் ஆறு கதிர். ஏழு என்றால் பதினான்கு. எஃப்/16-ல் நீளும், எஃப்/4-ல் கரையும். பிடித்தால் வைத்துக்கொள்ளலாம்.

போனில் எடுப்பவர்கள்தான் இப்போது அதிகம், அவர்களுடைய தொல்லையும் ஏறக்குறைய இதேதான். கேமராத் துளையின் மேல் தட்டைக் கண்ணாடி, உள்ளே சென்சாரின் மேல் இன்னொரு தட்டைக் கண்ணாடி. அதனால் விளக்குக்கு எதிர்மூலையில் சின்னதாகப் பச்சையோ நீலமோ ஒரு புள்ளி வந்து நிற்கும். வீடியோவில் அது விளக்குக்கு எதிர்த்திசையில் ஓடும். இந்தக் கண்ணாடியைக் கழற்ற முடியாது. விளக்கை நடுவுக்குக் கொண்டுவருவதும், வேறு கேமராக் கண்ணுக்கு மாற்றிப் பார்ப்பதும்தான் வழி. கேமராவின் மேல் பாதுகாப்புக்கென்று தனிக் கண்ணாடி ஒட்டியிருந்தால் அதை முதலில் பிரித்துவிடுங்கள்.

ஆனால் போன் படங்களில் நான் அதிகம் பார்ப்பது பேயை அல்ல, விளக்கிலிருந்து ஒரே திசையில் நீளும் கோட்டை. மினுக்கிக்கொண்டு படத்தின் குறுக்கே ஓடும். அது விரல் எண்ணெய். சட்டையிலோ லுங்கியிலோ ஒரு இழுப்பு இழுத்துத் துடைத்தால் எண்ணெய் போவதில்லை, மெல்லிய வரிகளாகப் பரவுகிறது. அந்த வரிகளுக்குக் குறுக்காகத்தான் ஒளி நீளும். மேலிருந்து கீழாகத் துடைத்தால் கோடு இடம் வலமாக ஓடும். நம்பிக்கை இல்லையென்றால் வேறு திசையில் துடைத்து எடுத்துப் பாருங்கள், கோடும் சேர்ந்து திரும்பும். சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் வட்டமாகத் துடைத்தால் போய்விடும்.

கடலோரத்தில் எண்ணெயைவிடப் பெரிய எதிரி உப்பு. காசிமேட்டிலோ எண்ணூர் கடற்கரையிலோ ஒரு மணி நேரம் நின்றால் லென்ஸின் மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புத்தூள் படிந்துவிடும். உப்புக்கு ஒரு குணம் உண்டு: காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்துவிடும். சென்னைக் கடலோர இரவுகள் பெரும்பாலும் அந்த அளவைத் தாண்டியவை. ஆக, மாலையில் தூளாக விழுந்த உப்பு இரவில் ஆயிரம் குட்டித் துளிகளாகிவிடும். ஒவ்வொரு துளியும் விளக்கின் ஒளியைச் சிதறடிக்கும். விளைவாக ஒரு பால்வெள்ளைத் திரை படம் முழுக்கப் படரும், கறுப்பு சாம்பலாகும், நிறங்கள் வெளிறும். பலர் இதை ஃபோகஸ் தவறு என்று நினைக்கிறார்கள். துடைக்கும்போதும் கவனம் வேண்டும். முதலில் ஊதுகுமிழால் தூசியை ஊதுங்கள், பிறகு லென்ஸ் திரவத்தைத் துணியில் விட்டு, ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள். உப்பு காய்ந்திருக்கும்போது அழுத்தித் தேய்த்தால் கோடு விழும். இதே திரை ஏ.சி. அறையிலிருந்து நேராகக் கடற்கரைக்கு வந்தாலும் விழும். குளிர்ந்த கண்ணாடியில் ஈரம் பூத்துவிடும். பையை மூடியபடியே வெளியே அரைமணி நேரம் வைத்துவிட்டுத் திறந்தால் போதும். துடைத்தும் போகாத புகைமூட்டம் என்றால் டார்ச் அடித்து லென்ஸின் உள்ளே பாருங்கள். சிலந்திவலை போல் நூல் தெரிந்தால் பூஞ்சை. அது சர்வீஸ் கடைக்குப் போகவேண்டிய வேலை. அதற்குப் பிறகாவது கேமராவைத் துணி அலமாரியில் வைக்காமல், 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் இருக்கும் மூடிய பெட்டியில் வையுங்கள்.

எல்லா மங்கலுக்கும் லென்ஸைத் திட்டுவதும் தவறு. போகிப் பண்டிகை அதிகாலையில், அல்லது காற்று நின்றுபோன இரவில் தொழிற்சாலைகள் நிறைந்த மணலிப் பக்கம் படமெடுத்தால் ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் ஒளிவட்டம் இருக்கும். அது உண்மையாகவே காற்றில் இருப்பது. லென்ஸில் பிறந்ததா, காற்றில் பிறந்ததா என்று கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி கட்டைவிரல். கேமராவுக்கு முன்னால் கையை முழுக்க நீட்டி, விளக்கை மட்டும் மறையுங்கள். விளக்கு மறைந்த பிறகும் விரலைச் சுற்றி ஒளிவட்டம் இருந்தால் அது புகையோ பனியோ. விளக்கோடு சேர்ந்து வட்டமும் மறைந்தால் அது உங்கள் கண்ணாடியில் இருக்கிறது.

சட்டத்துக்குள் தெரியாத விளக்கும் கெடுக்கும். எண்ணூர் நெடுஞ்சாலையில் நின்றால் தலைக்கு மேல் தெருவிளக்கு, பக்கவாட்டில் கன்டெய்னர் லாரிகளின் ஹெட்லைட். அவை படத்தில் இல்லை, ஆனால் ஒளி சாய்வாக முன் கண்ணாடியில் விழுகிறது. இதற்குத்தான் லென்ஸின் முனையில் மாட்டும் ஹூட் என்ற மறைப்பு. இல்லையென்றால் உயரப் பந்தைப் பிடிக்கப்போகிறவன் நெற்றியில் கை வைப்பானே, அதுபோல் லென்ஸுக்கு மேலே கையை வையுங்கள். கை நிழல் முன் கண்ணாடியில் விழுகிற கணத்தில் திரையில் கறுப்பு ஆழமாவதைக் கண்ணால் பார்க்கலாம். சட்டத்துக்குள்ளேயே இருக்கும் விளக்குக்கு ஹூட் எதுவும் செய்யாது. டி.எஸ்.எல்.ஆர். வைத்திருப்பவர்கள் நீண்ட எக்ஸ்போஷரின்போது கண் வைத்துப் பார்க்கும் துளையையும் மூடிவிடவேண்டும். முதுகுப்பக்கம் இருக்கும் விளக்கின் ஒளி அதன் வழியாக உள்ளே நுழையும்.

மாடி வீட்டு ஜன்னல் கண்ணாடி வழியாகத் துறைமுகத்தின் கிரேன் விளக்குகளை எடுக்கப் பார்ப்பவர்கள் நிறைய. அதில் உங்கள் வீட்டு ட்யூப் லைட்டும் உங்கள் முகமும் சேர்ந்து விழும். பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் வாங்கினால் போய்விடும் என்பார்கள். கண்ணாடிக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து ஏறக்குறைய 56 டிகிரி சாய்ந்து நின்றால்தான் அது முழுப் பலன் தரும். ஜன்னலுக்கு நேராக நிற்பவருக்கு உதவாது, ஒளியையும் பாதிக்கு மேல் தின்றுவிடும். அறை விளக்கை அணையுங்கள், லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டிவையுங்கள், சுற்றிக் கறுப்புத் துணியால் மூடுங்கள். இதற்கு மேல் எதுவும் வேண்டியதில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் தப்பிக்க முடியாத இடங்கள் உண்டு. எண்ணூர் முகத்துவாரத்தில் நின்று வடசென்னை அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகளை எடுக்கும்போது, உச்சியில் இருக்கும் சிவப்பு விளக்குகளும் கரையோர விளக்கும் சேர்ந்து சட்டத்துக்குள் வந்தே தீரும். அங்கே நான் ட்ரைபாடை அசைக்காமல் இரண்டு படம் எடுப்பேன். ஒன்று சாதாரணமாக. அடுத்ததில் அந்தக் கரை விளக்கை மட்டும் விரலால் மறைத்து. இரண்டாவதில் விளக்கு இல்லை, அதனால் அதன் பேயும் இல்லை. பேய் விழுந்த தண்ணீரை இரண்டாவதிலிருந்து எடுத்து முதல் படத்தில் வைத்துவிடலாம். ராயபுரம் ரயில் நிலையத்தை, 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிய அந்தக் கட்டடத்தைச் சாலைப் பக்கமிருந்து எடுத்தபோதும் இதைத்தான் செய்தேன். தூண்களின் மேல் விழுந்த தெருவிளக்குப் பேயைப் பிறகு கம்ப்யூட்டரில் அழிப்பான் வைத்துத் தேய்த்திருந்தால் தூணின் விளிம்பும் சேர்ந்து போயிருக்கும்.

தம்பி இப்போது இரவில் ஃபில்டரைச் சட்டைப்பையில் ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு வருகிறான். ஏலம் தொடங்கி, கூடைகள் இறங்கி, ஐஸ் தண்ணீர் நாலாபுறமும் தெறிக்க ஆரம்பித்ததும் மறுபடி மாட்டிவிடுகிறான். அந்த நேரத்துக்குக் கிழக்கே வெளுத்திருக்கும்.